நாலேகால் முழம்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கலாநிதி
கையுறை போட்டுத்தான் தொட்டார்,
நாற்பது வருசமாக நான்
வெறுங்கையால் விரித்து மடித்த சவச்சீலையை.

பாலையடிக்குளம் கோயில் மண்டபம்.
கதிரை போதாமல்
பள்ளிக்கூடத்து வாங்குகளும் கொண்டுவந்து போட்டோம்.
ஒரு ஃபான் சுற்றியது. மற்றது சத்தம் மட்டும்.

நீக்கிலாப்பிள்ளை மாஸ்ரர் முதலில் எழும்பினார்:
ஒல்லாந்தர் காலம். சுவாமிமாரின் தலைக்கு விலை.
உப்பு வியாபாரி வேசத்தில் மன்னாரில் கரையிறங்கி
வன்னிக் காட்டுக்குள் வந்த ஒருவர்
காய்ச்சலில் இங்கேதான் கண்மூடினார்.
இரவோடிரவாகக் குளக்கட்டில் புதைத்து
பதின்மூன்று வருசம் கழித்துத் தோண்டினால்
எலும்பு மண்ணாய்,
சீலை மட்டும் சீலையாய்.

"பதின்மூன்றை எண்ணினது ஆர்?"
கஸ்பார் கேட்டான், ட்ராக்டர் திருத்துகிறவன்.
"என்ர வீட்டு நிலையையே கறையான் விடுகுதில்லை.
குளக்கட்டுக் கறையான் தவசுகாலமோ காத்தது?"
சிரிப்பு. சுவாமி மேசையைத் தட்டினார்.

கலாநிதி பூதக்கண்ணாடியை வைத்துவிட்டுச் சொன்னார்:
இழை ஒரே சீர். கைராட்டினம் இப்படி நூற்காது.
மில் நூல்.
நூற்றிருபது வருசம், கூடினால் நூற்றைம்பது.
ஓரம் மெசினில் அடித்தது.

"ஓரம் பிறகு கன்னியர்மடத்தில அடிச்சது!"
"அப்ப நடுவையும் கன்னியரோ நெய்தவை?"
ஒருவர் போத்துக்கேயர் என்றார். ஒருவர் பம்பாய் என்றார்.
தோள் மாதிரித் தெரியும் பழுப்புக் கறையைக் காட்டி
பரிமளதைலம் என்றா பிலோமினா ரீச்சர்,
கண் கலங்கி.

அந்தக் கறையை எனக்குத் தெரியும்.
மாத்தளன் பங்கருக்குள் விளக்குச் சரிந்து ஊறின எண்ணெய்.
சங்கிலித்தாமிடம் ஒருவரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

வெள்ளாங்குளம், விசுவமடு, தேவிபுரம், மாத்தளன்.
உரப்பைக்குள் சுற்றி நெஞ்சோடு கட்டிக் காவினேன்.
அரிசியை வழியில் விட்டேன்.
மனிசியின் தாலிக்கொடியை விற்றேன்.
இதை விடவில்லை.

பங்குனியில் ஒரு விடியப்புறம்
மதலேனம்மா பங்கர் வாசலில் குந்தியிருந்தா.
மடியில் ஆறு வயது நிதுசன்.
"அண்ணை, ஒரு துணி."
அவவின் சீலையெல்லாம் மண்மூட்டையாகி
பங்கர்க் கூரையில் கிடந்தன.
என் நெஞ்சில் துணி இருந்தது.
அது அவவுக்கும் தெரியும்.

"இது சுவாமியின்ரயெல்லோ" என்றேன்.
சீலையை உருவி எடுத்துக்கொண்டு
உரப்பையை உதறிக் கொடுத்தேன்.
யூரியா மணத்தோடு போனான் பொடியன்.

மில் நூலாம்.
மற்றவர்களுக்கு அது ஒரு வழக்கு,
தேத்தண்ணி வரும் வரைக்கும்.
நான் கலாநிதியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒரு இழை,
ஒரேயொரு கோணல் இழையாவது
பழசு என்று சொல்லமாட்டாரா?

கடைசி வாங்கிலிருந்து ஒரு கை எழும்பியது.
இந்த மண்டபத்தில் மதலேனம்மாவின் குரலை
ஒருநாளும் கேட்டதில்லை.
"எத்தினை முழம்?"

கலாநிதி மீற்றரில் சொன்னார்.
மாஸ்ரர் கணக்குப் பார்த்தார்:
"நாலேகால்."

"ரெண்டு காணும் எண்டுதான் அண்டைக்கும் நினைச்சனான்."
சொல்லிவிட்டு இருந்துவிட்டா.

முன்வரிசைக்கு விளங்கவில்லை. கூட்டம் நடந்தது.
பெரிய வெள்ளிக்கு ஆசந்தியில் விரிப்பதா, விடுவதா?
விரிக்கச் சொல்லிப் பதினேழு கை. வேண்டாமென்று பதினாறு.
என் கை மடியில் கிடந்தது.

எல்லாரும் போன பிறகு
கதிரைகளை அடுக்கினேன். ஃபானை நிற்பாட்டினேன்.
சீலையை எடுத்தேன்.
எப்போதும் எட்டாக மடிப்பது.
இன்று இரண்டாக மடித்ததோடு கை நின்றுவிட்டது.

முழங்கையிலிருந்து விரல்நுனி வரை
அளந்து பார்த்தேன்.
இரண்டு முழம்,
மேலே ஒரு அரைக்கால்.